பெயருக்காக விட்ட இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய்க்கதை கேட்கிற ஆசையில் உட்கார்ந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். இதில் பேய் கிடையாது, இருட்டு கிடையாது, கொலுசுச் சத்தம் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், மண்டை பிளக்கிற வெயிலில் நடந்தது. எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை இருந்ததே இல்லை. ஊரில் யாராவது அந்த மரத்தில் அதைப் பார்த்தேன், இந்தக் கால்வாயில் இதைக் கேட்டேன் என்று ஆரம்பித்தால், போய் வேலையைப் பாருங்கள் என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டர் படித்தவள். ஒன்று இருந்தால் திரையில் தெரியும், தெரியாவிட்டால் அது இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். பயந்துபோய் இதைச் சொல்லவில்லை, கோபத்தில் சொல்கிறேன். இத்தனை வருஷமாகியும் அடங்காத கோபம்.

முதல் கோபம் என் அண்ணன் ஏழுமலை மேல். மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற வழியில் மைக் செட் கடை வைத்திருந்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கூழ் ஊற்றுகிற திருவிழா, சாவு, எதுவாக இருந்தாலும் இரண்டு குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி ஊரை அலறவைப்பதுதான் அவன் தொழில். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா நாங்கள் சின்ன வயதாக இருக்கும்போதே போய்விட்டார். எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியது அம்மா பவுனம்மாதான்.

அம்மாவுக்குக் காலையில் உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. ஆனால் சுற்றுப்பட்டு ஊர்களில் பவுனம்மா என்றால் ஒப்பாரி. சாவு விழுந்த வீட்டில் முதலில் தப்பு மேளத்துக்கு ஆள் அனுப்புவார்கள், அடுத்து எங்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள். அம்மா போனதும் நேராகப் பிணத்தின் அருகில் உட்கார மாட்டாள். மூலையில் ஒரு பெண்ணைப் பிடித்து, செத்தவர் பெயர் என்ன, வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் உட்காருவாள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்தால், அழக்கூடாது என்று முடிவெடுத்து வந்த மருமகள்கூட அழுதுவிடுவாள். "பேர் சொல்லாம அழுவுறது நாய் ஊளையிடுற மாதிரி, யாருக்குன்னு அதுக்கே தெரியாது" என்பாள். அடக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. தனக்கு நிகர் யாரும் இல்லை என்று அவளே சொல்லுவாள், அது உண்மையும்கூட.

சுனாமி வந்த மறுவருஷம் இது. அந்த வருஷம் குப்பங்களில் அழுது அழுது அம்மாவின் தொண்டை கட்டிப்போய், பழைய குரல் திரும்புவதற்கே மாதக்கணக்கில் ஆயிற்று. அந்த நேரத்தில்தான் என் அண்ணனுக்குப் புத்தி வேலை செய்தது. ஒரே நாளில் இரண்டு ஊரில் சாவு விழுந்தால் அம்மா ஓர் ஊருக்குத்தான் போக முடியும், குரலைப் பதிவு செய்து சிடி போட்டுவிட்டால் எத்தனை ஊரானாலும் போகலாமே! அவனே பாண்டிச்சேரிக்குப் போய் யாரோ விற்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து, அம்மாவின் தையல் மிஷினை மூலைக்குத் தள்ளிவிட்டு அந்த மேஜையில் வைத்தான். கூடவே பாட்டுப் பதிகிற சாஃப்ட்வேர் என்று ஒரு சிடி. அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'மியூசிக்' என்று எழுதியிருந்தது. சீரியல் நம்பர் ஒரு பீடிக்கட்டு உறையின் பின்பக்கம் இருந்தது.

"சுமதி, இத்தப் போட்டுக் குடுத்துடு. நீதான் படிச்சவளாச்சே" என்றான்.

போட்டுக் கொடுத்துவிடு! என்னமோ பல்பு மாட்டுகிற மாதிரி. உப்புக்காற்றில் அந்தப் பெட்டியின் பின்பக்கத் திருகாணி எல்லாம் துருப்பிடித்திருந்தது. அதைத் திறப்பதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சவுண்டு கார்டு இருந்தது, ஆனால் அதை இயக்குகிற டிரைவர் புரோகிராம் இல்லை. சென்டரில் இறக்கிக்கொண்டு வந்து போட்டால் வேறு மாடலுக்கு உண்டானது, பீப் என்று கத்திவிட்டு நின்றுபோனது. சரியானதைத் தேடிப் போட்டு, மியூசிக் சிடியைச் செருகி, பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து நகர்ந்து கடைசி நுனிக்கு வந்த நேரத்தில் கரண்ட் போனது. எழுந்து மேஜையை ஓர் உதை விட்டேன், கால்தான் வீங்கியது. மறுபடி முதலிலிருந்து. சாஃப்ட்வேர் உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் சீரியல் நம்பரை ஏற்றுக்கொள்ளவில்லை. பீடி உறையில் இருந்தது ஐந்தா எஸ்ஸா என்று பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணே போயிற்று. இதற்கு நடுவில் மைக் செட்டின் தடித்த பிளக் கம்ப்யூட்டர் ஓட்டைக்குள் நுழையவில்லை என்று அண்ணன் வேறு சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தான். "சுத்தியல எடுத்த, கைய ஒடைப்பேன்" என்று கத்தினேன். கடைசியில் ஒயரை வெட்டிப் பற்றவைத்து ஒரு இணைப்பு செய்தான்.

ஒருவழியாகத் திறந்தது. திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பட்டை பட்டையாக இருக்கும், அதற்கு டிராக் என்று பெயர். ஒரு டிராக்கில் ஒரு குரல், அடுத்ததில் இன்னொரு குரல், இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். சத்தம் இருந்தால் கோடு முள் முள்ளாக எழும்பும், இல்லாவிட்டால் நேர்கோடு. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சத்தம் இல்லையென்றால் நேர்கோடு.

இதைப் பார்த்ததும் அண்ணன் அடுத்த யோசனையை எடுத்தான். அம்மா பாட்டை முதல் டிராக்கில் பாடுவாள், செத்தவர் பெயர் வருகிற இடத்தில் சும்மா விட்டுவிடுவாள். பிறகு ஊரில் இருக்கிற பெயரையெல்லாம் தனித்தனியாகச் சொல்லிப் பதிவு செய்துகொண்டால், சாவு விழும்போது அந்தப் பெயரை மட்டும் இரண்டாவது டிராக்கில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற மாதிரி!

அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "டேய், சாவு இல்லாத வீட்ல ஒப்பாரி வெக்கக் கூடாதுடா. வீடு ஆள் கேக்கும். வயல்ல வேணா பாடுறேன், உப்பளத்துக் கொட்டாயில வேணா பாடுறேன்."

"கொட்டாயில கரண்ட் இல்லியேம்மா."

"அப்போ உங்கப்பன் கிட்ட கேளு."

அண்ணன் விடவில்லை. தினமும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து இதே பேச்சு. உனக்கு வயசாகுது, தொண்டை போகுது, உட்கார்ந்து சாப்பிடேன், பையனுக்கு ஒரு தொழில் அமையட்டுமே என்று அரித்து எடுத்தான். பிள்ளை என்று வந்தால் அம்மா கடைசியில் வளைந்துவிடுவாள், அது அவனுக்கும் தெரியும். ஒரு நாள் காலையில் கையில் கழுத்தறுத்த சேவல் ஒன்றோடு வந்தான். முறத்தில் கிடத்தி, அதன் மேல் துண்டைப் போர்த்தி, நடுக்கூடத்தில் வைத்தான்.

"இந்தா, வீட்ல சாவு விழுந்துடுச்சு. அழு."

எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. அம்மா அந்தச் சேவலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மைக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக முதலில் சேவலுக்கே ஒன்று கட்டினாள். "கொண்ட செவந்தவனே, கூவி எழுப்பினவனே, குண்டான் சோத்துக்குக் கொழம்பாப் போனவனே." நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கோடு திரை முழுக்க முள்ளாக எழும்பியது. அதைக்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை, அழித்துவிட்டேன். அம்மா சிரித்த ஒரே பதிவு அதுதான்.

அப்புறம் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"மேட்டுல உப்புக் குவிச்சேன், மேகம் வந்து கரைச்சிருச்சே,
வீட்டுல ஒன்ன வெச்சேன், விடியறப்போ காணலியே,
என்......
காணலியே."

அந்த 'என்' சொன்னதும் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவாள். அதுதான் பெயருக்காக விட்ட இடம். ஒவ்வோர் அடி முடியும்போதும் அது வரும். அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் வாய் தானாகத் திறக்கும், எதையோ முழுங்கிக்கொண்டு மூடும். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பாடி முடித்ததும் அண்ணன் பெயர்களை ஆரம்பிக்கச் சொன்னான். லட்சுமி, முருகன், ஏழுமலை என்று அவனே எடுத்துக்கொடுத்தான்.

"செருப்பு பிஞ்சிடும்" என்றாள் அம்மா. "லட்சுமின்னா எதிர் வீட்ல ஒருத்தி உசுரோட இருக்கா. ஏழுமலைன்னு ஊருக்குப் பத்து பேர் இருக்கான், நீயும் ஒருத்தன். உசுரோட இருக்கிறவங்க பேர ஒப்பாரில வெச்சிக் கூப்பிட்டா, செத்தவனுக்கு மட்டுமா கேக்கும்? இது கோழிக்கு அழுதது. இத்த எந்த வீட்லயும் போடாத, சொல்லிட்டேன்."

அண்ணன் மண்டையை மண்டையை ஆட்டினான். அன்று மதியம் கோழிக் குழம்பு. அழுதுவிட்டுத் தின்பதா என்று அம்மா அதைத் தொடவில்லை, மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனாள்.

நான் பதிவில் பின்னால் கேட்ட இரைச்சலையெல்லாம் சுத்தம் செய்தேன். இதுதான் வெறும் இரைச்சல் என்று ஒரு துண்டை அந்த சாஃப்ட்வேருக்குக் காட்டினால் எல்லா இடத்திலும் அதைத் துடைத்துவிடும். பெயருக்காக விட்ட இடமெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோடாக ஆயிற்று. இரண்டாவது டிராக் கடைசிவரை காலியாகவே இருந்தது. செய்ததை அரைகுறையாக விட எனக்குப் பிடிக்காது, அதனால் செய்தேன். வெளியே போகும் என்று நினைக்கவில்லை. ஆனால் அண்ணன் நான் சென்டருக்குப் போன நேரத்தில் சிடி அடித்துக்கொண்டு எக்கியார்குப்பத்தில் ஒரு சாவுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டான். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவனே வந்து பெருமையாகச் சொன்னான்.

"எப்ப சுமதி பேரையெல்லாம் போட்ட? எங்கிட்ட சொல்லவே இல்லியே. செத்தவர் பேரு பாவாடைன்னு கரெக்டா வருது. பொம்பளைங்கல்லாம் எழுந்து நின்னு அழுவுறாங்க."

நான் பெயர் எதுவும் போடவில்லை என்று சொன்னேன். அவன் கண்ணடித்தான். சரி, குடித்துவிட்டு உளறுகிறான் என்று விட்டுவிட்டேன். அடுத்த சாவிலும் இதையே சொன்னான். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு எதைக் கேட்டாலும் அவரவர் வீட்டுப் பெயராகத்தான் கேட்கும், அதில் என்ன அதிசயம் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணனோடு மட்டும் நாள்தவறாமல் சண்டை.

பிறகு ஜெசிந்தா அக்கா செத்தாள். அம்மாவோடு உப்பளத்தில் வேலை செய்தவள், எங்கள் தெருவுக்குப் பின்தெரு. உப்பளத்தில் ஏற்றவேண்டிய லோடு நின்றதால் அம்மா அரைநாள் வேலையை முடித்துவிட்டு எடுக்கிற நேரத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். நான் லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே போய்விட்டேன். போனால் வேப்பமரத்தில் எங்கள் குழாய்! மதியம் நெருங்குகிற நேரத்தில் அண்ணன் சிடியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். நிறுத்திவிடுவது என்று நான் விறுவிறுவென்று ஆம்ப்ளிபயர் பக்கத்தில் போய் நின்றேன். மைக்கை ஒயரோடு சுருட்டி வைத்திருந்தது, அருகில் யாரும் இல்லை. பொத்தானில் கையை வைத்துவிட்டேன்.

"விடியறப்போ காணலியே, என் ரோசாப்பூ, காணலியே."

அம்மாவின் குரல். கழுவித் துடைத்த மாதிரி தெளிவாக. என் கை அப்படியே நின்றுவிட்டது. ரோசாப்பூ யார் என்று எனக்கு அப்போது தெரியாது. பந்தலுக்குள் இருந்து ஜெசிந்தா அக்காவின் தங்கச்சி எழுந்து ஓடிவந்தாள். முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது.

"யாரு சொன்னது ஒங்களுக்கு? எங்கப்பா மட்டுந்தான் அக்காவ அப்படிக் கூப்பிடுவாரு. அவரு செத்தே எவ்ளோ வருஷமாச்சு, யாரு சொன்னது?"

சிடியை உருவிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கம்ப்யூட்டரைப் போட்டு அந்த சிடியையே கேட்டேன். "என்......" என்று வந்து ஒன்றுமே இல்லாமல் போயிற்று. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். நேர்கோடு. இரண்டாவது டிராக் காலி. சவுண்டை முழுக்க ஏற்றிவைத்து ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டேன், உஸ் என்ற சத்தம்கூட இல்லை. நான்தானே துடைத்தேன்.

அந்த நேரத்தில் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள் கஸ்தூரி, உப்பளத்தில் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிறவள்.

"சுமதி, ஒங்கம்மாவ டாக்டர் கிட்ட காட்டு. உப்பு வாரினு இருக்கும்போதே பலகையக் கீழ போட்டுட்டு, ரோசாப்பூன்னு ஒரு கத்து கத்துச்சு பாரு, எங்களுக்கெல்லாம் ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. யாரக் கூப்ட்டன்னு கேட்டா, நான் எங்க கூப்ட்டேன்னு கேக்குது. இது மொத தடவ இல்ல. அன்னிக்கு ஒரு நாளு பாவாடன்னு கத்துச்சு."

பாவாடை யார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும் இருந்தது.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பயப்படவில்லை. அவளுக்கு வந்தது ஆத்திரம். "பேருக்கு எடம் விட்டுப் பாடுனா, பேர் எங்கிருந்து வரும்? எங்கிட்ட இருந்துதான் வரும். என் தொண்டைய வாடகைக்கு விட்டுட்டான்டி" என்றாள். அண்ணன் வந்ததும் வராததுமாக விளக்குமாற்றை எடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். அவனுக்கு இதெல்லாம் நல்ல செய்தி. இப்படி ஒரு சிடி வேறு எந்த மைக் செட்டிடம் இருக்கிறது என்று கேட்டான்! அவனைப் பெற்றவள் உப்பளத்தில் நின்று முன்பின் தெரியாத ஆளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், இவனுக்கு வியாபாரம். நான் சிடியை ஒளித்துவைத்தால் இன்னொன்று அடித்துக்கொள்வான். அவனோடு தொழில் செய்கிற மற்ற மைக் செட்காரர்களுக்கும் கொடுத்திருக்கிறான் என்பது பின்னால்தான் தெரிந்தது. அம்மாவின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. சாதாரணப் பேச்சே காற்றாக வந்தது. ஆனால் வேலைக்கு நடுவில் திடீரென்று ஒரு பெயர் வரும்போது மட்டும் பழைய வெண்கலக் குரல். அதை நானே இரண்டு முறை கேட்டேன். ஒரு தடவை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள், என் காதோரமாகவே யாரோ ஒரு வேதவல்லியைக் கூப்பிட்டாள். பின்னலைக்கூட விடவில்லை.

அடுத்த கோடையில், உப்பு நன்றாக விளைகிற காலத்தில், அம்மா செத்துப்போனாள். தூங்கி எழவில்லை, அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் வருவதற்காக மதியம் வரை வைத்திருந்தோம். சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். தங்கள் வீட்டுப் பிணத்துக்கு அழுதவள் ஆயிற்றே. ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. பவுனம்மாவுக்கு முன்னால் எப்படிப் பாடுவது என்று கூச்சம். அந்த அமைதியில்தான் என் அண்ணன் குழாயைக் கட்டினான்.

"வேணாண்ணா. கால்ல விழுறேன், இத்தப் போடாத."

"ஊருக்கெல்லாம் அழுதுச்சு. அதுக்கு அழ ஆள் இல்லாம அனுப்பச் சொல்றியா?" அவன் கண்ணிலும் தண்ணீர்தான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கெட்டவனாக இருந்திருந்தால் அன்றைக்கே தலைமுழுகியிருப்பேன்.

பிணமாக என் அம்மா கிடக்கிறாள், மரத்தின் மேலிருந்து என் அம்மா பாடுகிறாள். மேட்டுல உப்புக் குவிச்சேன், மேகம் வந்து கரைச்சிருச்சே. பெண்கள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடியறப்போ காணலியே, என்......

ஒன்றும் இல்லை.

காணலியே.

அடுத்த அடி வந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். என்...... ஒன்றும் இல்லை. அவர்கள் வீடுகளில் எல்லாம் பெயர் வந்திருக்கிறது, எங்கள் வீட்டில் வரவில்லை. ஒருத்தி மற்றவளைத் திரும்பிப் பார்த்தாள். ஊரில் செத்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவளைக் கூப்பிட ஆள் இல்லை. எனக்கு உள்ளங்காலில் இருந்து கோபம் ஏறியது. அண்ணன் மேல், அந்தப் பாழாய்ப்போன பெட்டி மேல், வாய் அடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்கள் மேல், எல்லார் மேலும். அடுத்த 'என்' வந்தபோது என் வாய் திறந்தது.

"பவுனம்மா!"

பெற்ற தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒப்பாரியில்கூட அம்மா என்றுதான் சொல்லவேண்டும், அதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? நான் பாட்டே பாடாதவள். ஆனால் சரியாக அந்த இடத்தில், சரியாக அந்தச் சுருதியில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் பெண்கள் ஓவென்று கத்தினார்கள். ஒவ்வோர் அடிக்கும் நானே கூப்பிட்டேன். எடுக்கும்வரை கூப்பிட்டேன். அம்மா நல்லபடியாகப் போனாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கருமாதி முடிந்து சென்டருக்குத் திரும்பிய பிறகு, பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் எல்லாம் திடீரென்று என்னையே பார்த்தார்கள். "மிஸ், யாரு மிஸ் குப்புசாமி?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் யாரையும் சொல்லவில்லையே என்றேன். கத்தினீங்களே மிஸ் என்றார்கள். மறுநாள் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க மாமா சாவுல உங்கம்மா பாட்டுல உன் கொரலும் சேர்ந்து வந்துச்சும்மா. குப்புசாமின்னு நீ கூப்ட்டப்போ எங்களால தாங்க முடியல. எப்ப பதிவு பண்ணீங்க?"

என் குரலை நான் பதிவு செய்ததே கிடையாது. அன்றைக்கே வீட்டுக்குப் போய் அந்த சாஃப்ட்வேரை அழித்தேன், பதிவை அழித்தேன், அது போதாதென்று பெட்டியைக் கழற்றி உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க்கை அம்மாவின் அம்மிக்கல்லில் வைத்து உடைத்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கையில் இருந்த சிடிகளைக் கொடுத்தான். ஆனால் மற்றவர்களுக்குக் கொடுத்தது? அவர்களிடமிருந்து வாங்கியவர்கள்? அது திண்டிவனம் போய், செய்யூர் போய், இப்போது ஆளாளுக்கு போனிலேயே வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

கல்யாணமாகி இப்போது பெரிய முதலியார்சாவடியில் இருக்கிறேன். குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் ஆபீஸ் வேலை. பெயர் வருவது நிற்கவில்லை. காய் நறுக்கும்போது வரும், பஸ்ஸில் வரும். எனக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லித்தான் தெரியும். எங்கோ ஓர் ஊரில் முன்பின் தெரியாத வீட்டில் யாரோ பொத்தானை அழுத்துகிறான், இங்கே என் தொண்டை திறக்கிறது. யாரைக் கேட்டு? அம்மாவைக் கேட்டார்களா, என்னைக் கேட்டார்களா? பயமா என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக் குழாயை எவனோ திறந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போனால் உங்களுக்குப் பயமா வரும்? என் வீட்டுக்காரருக்கும் முதலில் நம்பிக்கை இல்லை, இப்போது பேச்சே எடுப்பதில்லை. பெயர் வந்தால் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுக்கிறார்.

போன பங்குனியில் ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் தண்ணீர் கொண்டுவந்தார். வழக்கம்போலக் கொடுத்துவிட்டுப் போகவில்லை, நின்றுகொண்டிருந்தார்.

"இப்ப என்ன பேரு?" என்றேன்.

"ஏழுமலை" என்றார்.

ஊருக்குப் பத்து ஏழுமலை இருப்பான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஈரக்கையோடு ஓடிப்போய் போனை எடுத்தேன். இத்தனை வருஷம் கூப்பிடாத நம்பர், விரலுக்கு மறக்கவில்லை. ஒரு ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டான். உயிரோடுதான் இருந்தான். நான் ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே அவன் பேசினான்.

"எங்க போன சுமதி? தெருவுல காணோமே. கதவத் தொறந்துனு வாசல்ல நின்னுனு இருக்கேன்."

நான் எங்கே இருக்கிறேன், அவன் எங்கே இருக்கிறான். பஸ்ஸில் வந்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"நான் எங்கண்ணா வந்தேன்?"

"நீதான கூப்ட்ட? ஏழுமலன்னு பேர் சொல்லிக் கூப்ட்ட. அண்ணான்னு சொல்லாம கூப்புடுறாளே, இன்னும் கோவமாத்தான் இருக்காள்னு நெனச்சேன். அதான் ஓடியாந்தேன்." செத்தவனுக்கு மட்டுமா கேக்கும் என்று அம்மா அன்றைக்குக் கேட்டது எனக்கு நினைவு வருவதற்குள் அவனே கேட்டான். "கோவம் போயிடுச்சாம்மா?"

"போகல" என்றேன். "உள்ள போய்க் கதவ மூடு. இனிமே நான் பேர் சொல்லிக் கூப்ட்டா வெளிய வராத."

சரி என்றான். அவன் மண்டையை மண்டையை ஆட்டியிருப்பான், பார்க்காமலே எனக்குத் தெரியும். அந்தப் பாட்டை எங்கேயும் போடாதே என்றபோது அம்மாவிடமும் அப்படித்தான் ஆட்டினான்.